தழும்பைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் முகத்தைச் சுட்டார்கள்

பருத்தழும்புக்கு ரேடியோ அலை மைக்ரோநீட்லிங் (நுண் ஊசிகளைத் தோலுக்குள் இறக்கி, ரேடியோ அலையால் உள்ளே சூடு வைக்கிற சிகிச்சை) செய்துகொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். அந்தச் சிகிச்சையே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. தொழில் தெரிந்தவர் கையில் அது பலன் தரும். எனக்கு வாய்த்தது தெரியாத கை.

பதினைந்து வயதில் வந்த பரு இருபத்து நான்கில்தான் ஓய்ந்தது. போகும்போது இரண்டு கன்னத்திலும் குழிகளை விட்டுவிட்டுப் போனது. வெளிச்சம் முகத்துக்கு நேராக விழுந்தால் அவ்வளவாகத் தெரியாது. பக்கத்திலிருந்து விழுந்தால் ஒவ்வொரு குழிக்கும் ஒரு நிழல். எங்கே போனாலும் ஜன்னலுக்கு எந்தப் பக்கம் உட்காருவது என்று கணக்குப் போடுகிற பழக்கம் எனக்கு அதனால்தான் வந்தது. முகத்தில் குழி உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும்.

அழகு சிகிச்சை மையம் ஒன்றின் விளம்பரத்தில் 'முன்', 'பின்' என்று ஜோடி ஜோடியாகப் படங்கள் வந்தன. 'முன்' படத்தில் வெளிச்சம் பக்கவாட்டில் இருந்தது, 'பின்' படத்தில் நேராக இருந்தது. வாழ்நாள் முழுக்க ஜன்னல் கணக்குப் போட்ட எனக்கே அது உறைக்கவில்லை. ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

என்னிடம் பேசியவர் வெள்ளைக் கோட்டு அணிந்திருந்தார். மருத்துவர் என்றே நினைத்துக்கொண்டேன். அவர் 'ஆலோசகர்' என்பது ரசீதைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே என் முகத்தைப் பார்த்து, "நான்கு அமர்வு போதும் மேடம், கண்ணாடி மாதிரி ஆகிவிடும்" என்றார். எழுந்து அருகில் வரவில்லை. விளக்கைத் திருப்பிப் பார்க்கவில்லை. கன்னத்தில் ஒரு விரல்கூடப் படவில்லை. நான்கு அமர்வுக்கும் சேர்த்து முன்பணமாகக் கட்டினால் சலுகை என்றார். கட்டிவிட்டேன்.

ஒப்புதல் படிவம் வந்தது. உதட்டில் அக்கிக் கொப்புளம் வந்ததுண்டா, காயம் தடித்துக் கெலாய்டாக மாறுவதுண்டா, பேஸ்மேக்கர் இருக்கிறதா, கர்ப்பமா, பருவுக்குக் கொடுக்கிற ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டீர்களா என்று அதில் கேள்விகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்ற கட்டத்தில் ஏற்கெனவே டிக் அடிக்கப்பட்டிருந்தது. அச்சிட்டபோதே அடித்துவிட்டார்கள்! கையெழுத்து மட்டும்தான் என் வேலை. எனக்கு உதட்டில் கொப்புளம் வருகிற வழக்கம் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை முன்கூட்டியே கொடுத்துவிட்டுத்தான் முகத்தில் ஊசியை வைப்பார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கொப்புளம் வராமல் தப்பித்தது என் அதிர்ஷ்டம், அவர்கள் திறமை அல்ல.

மரத்துப்போகிற களிம்பைத் தடவி இருபது நிமிடத்தில் துடைத்துவிட்டார்கள். அது நன்றாக ஊற முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகும். வெளியே அடுத்த ஆள் காத்திருந்தார் போலும். கண்ணை மூடச் சொன்னார்கள். மறுபடி திறந்தபோது கருவியின் முனையில் ஊசித் தலை மாட்டியாகிவிட்டது. அந்தத் தலையில் ஊசிகள் சதுர வரிசையில் இருக்கும்; ஒருவருக்கு ஒரு முறை பயன்படுத்திவிட்டு எறிய வேண்டியது. என் கண்முன் எந்த உறையும் பிரிக்கப்படவில்லை. புதியதா, முந்தைய ஆளின் முகத்தில் இறங்கியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

கருவியைப் பிடித்தது மருத்துவர் அல்ல, ஓர் இளம்பெண். மருத்துவர் கதவருகே வந்து தலையை நீட்டிச் சிரித்துவிட்டுப் போனார். "எவ்வளவு ஆழம் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். "மெஷினே பார்த்துக்கொள்ளும் மேடம்" என்றார் அந்தப் பெண். மெஷின் எதையும் பார்த்துக்கொள்ளாது. ஊசி எத்தனை மில்லிமீட்டர் இறங்க வேண்டும், எவ்வளவு ஆற்றல், எத்தனை மில்லிவிநாடி என்பதையெல்லாம் மனிதர்தான் இடத்துக்கு இடம் மாற்றி வைக்க வேண்டும். சதைப்பற்றான கன்னமும் எலும்பை ஒட்டிய நெற்றிப்பொட்டும் ஒன்றா? எனக்கு இரண்டுக்கும் ஒரே அளவு. தோசை வார்ப்பது போல ஒரே வேகத்தில் வரிசையாக வைத்துக்கொண்டே போனார். லேசாகத் தீய்ந்த வாடை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அடுத்து நடந்ததுதான் இதில் பெரிய தந்திரம். மூன்றாம் நாள் கண்ணாடியில் பார்த்தால் குழிகளைக் காணோம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றே மையத்திலிருந்தும் அழைப்பு: "ஒரு படம் எடுத்துக்கொள்ள வாருங்கள் மேடம்." போனேன். வட்ட விளக்குக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். பத்தாம் நாள் எல்லாக் குழிகளும் ஒன்று பாக்கியில்லாமல் திரும்பி வந்துவிட்டன. அது குணம் அல்ல, வீக்கம். ஊசியும் சூடும் பட்ட தோல் நீர்கோத்து உப்பும்போது குழிகள் தற்காலிகமாக மேலே தூக்கிக்கொள்கின்றன. உண்மையான மாற்றம், தோலுக்கு உறுதி தருகிற கொலாஜன் என்ற புரதம் புதிதாக உருவாகி இறுகும்போதுதான் வரும். அதற்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். மூன்றாம் நாள் எடுத்த 'பின்' படம் வீக்கத்தின் படம். என் வீக்கமும் இப்போது யாரோ ஒருவருக்கு ஆசை காட்டிக்கொண்டிருக்கும்.

இரண்டு அமர்வுகளுக்கு நடுவே குறைந்தது நான்கு வாரம் விட வேண்டும். என்னை இரண்டாம் வாரமே கூப்பிட்டார்கள். இந்த முறை ஆற்றலைக் கூட்டியிருக்கிறோம் என்று பெருமையாக வேறு சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துத் தங்கை வந்தவள் என் முகத்தைப் பார்த்து, "என்ன அக்கா, சல்லடையை வைத்து அழுத்தினார்களா?" என்று கேட்டாள். நெற்றிப்பொட்டிலும் கன்ன எலும்பின் மீதும் பழுப்புப் புள்ளிகள், வரிசை பிசகாமல், சதுரம் சதுரமாக. சில இடங்களில் ஒரு சதுரத்தின் மேல் இன்னொன்று ஏறியிருந்தது. மையத்தில் காட்டினேன். "அழுக்கு வெளியே வருகிறது மேடம்" என்றார் ஆலோசகர். கூடவே அவர்கள் அலமாரியிலிருந்து வெளுப்பாக்கும் களிம்பு ஒன்றையும் எடுத்து நீட்டினார். அதற்குத் தனிப் பணம்.

அதற்குப் பிறகுதான் நான் செய்ய வேண்டிய முதல் காரியத்தைச் செய்தேன்: ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். அவர் அறை விளக்கை அணைத்துவிட்டு, சின்ன டார்ச்சைக் காதோரம் வைத்துப் பக்கவாட்டில் அடித்தார். பிறகு கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கன்னத்தோலை இழுத்துப் பிடித்தார். கையில் கண்ணாடியைக் கொடுத்து, "பாருங்கள் அம்மா, இழுத்தால் இது மறைகிறது, அது மறையவில்லை" என்றார். ஐந்து நிமிடம்தான் ஆனது. அந்த ஐந்து நிமிடத்தை யாரும் எனக்குக் கொடுக்காததுதான் இத்தனைக்கும் காரணம்.

இழுத்தால் மறைகிற மேடுபள்ளம் ரோலிங் வகை. அடியில் நார்கள் தோலைக் கீழே பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். சப்சிஷன் என்ற முறையில் தோலுக்கு அடியில் ஊசியைச் செலுத்தி அந்தப் பிடிப்பை அறுத்துவிட வேண்டும்; மேலே எத்தனை முறை சூடு வைத்தாலும் நார் தானாக விடாது. ஓரம் வெட்டினாற்போல் நிற்கிற அகலக் குழி பாக்ஸ்கார் வகை. ஆழம் குறைவாக இருந்தால் ரேடியோ அலை ஓரளவு கைகொடுக்கும். ஊசியால் குத்தினாற்போல் குறுகி ஆழமாக இறங்குவது ஐஸ்பிக் வகை. இதற்கு ரேடியோ அலையால் பெரிய பயன் இல்லை. அடர்த்தியான அமிலத்தைக் குழிக்குள் மட்டும் புள்ளியாக வைப்பார்கள், அல்லது குழியையே வெட்டி எடுத்துத் தைப்பார்கள். என் கன்னத்தில் பாதிக்கு மேல் ஐஸ்பிக். என்னிடம் விற்கப்பட்டதோ எல்லாவற்றுக்கும் ஒரே மெஷின். இன்னொன்றும் சொன்னார்: பரு ஆறிய இடத்தில் இருக்கும் வெறும் கருமையும் சிவப்பும் தழும்பே அல்ல, அவை காலப்போக்கில் மங்கும். அதைக்கூடத் தழும்புக் கணக்கில் சேர்த்துத்தான் எனக்கு நான்கு அமர்வு விற்றிருந்தார்கள்.

"கறுத்த தோலுக்கு இது பாதுகாப்பு என்றார்களே" என்று கேட்டேன். பாதி உண்மை என்றார். லேசர் தோலின் நிறமியைத் தேடிப் பிடிக்கலாம். ரேடியோ அலை நிறம் பார்க்காது. அதனால் ஆபத்து குறைவு, ஆனால் இல்லாமல் போய்விடவில்லை. காப்புப் பூச்சு உள்ள ஊசி நுனியில் மட்டும் சுடும். பூச்சு இல்லாத ஊசி தன் நீளம் முழுக்கச் சுடும். மேல்தோலும் வெந்தால் நிறம் மாறும். ஊசியைச் செங்குத்தாக வைக்காவிட்டாலும், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வைத்தாலும் சதுரம் பதியும். என் முகத்தில் இரண்டும் நடந்திருந்தது.

நான் தப்பித்தேன் என்றே சொல்ல வேண்டும். 2025 அக்டோபரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்தக் கருவிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தீக்காயம், தழும்பு, தோலடிக் கொழுப்பு கரைதல், நரம்புச் சேதம், அறுவை சிகிச்சை செய்து சரிசெய்ய வேண்டிய நிலை என்றெல்லாம் புகார்கள் வந்திருப்பதாகச் சொன்னது. இது மருத்துவச் செயல்முறை, ஒப்பனைச் சேவை அல்ல என்றும் அழுத்திச் சொன்னது. கன்னத்தில் கொழுப்பு கரைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்: குழியை நிரப்பப் போய்ப் பள்ளத்தை வாங்கிக்கொண்டு வரலாம்.

மிச்சப் பணத்தைக் கேட்டேன். படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்றார்கள். எந்த ஆழம், எந்த ஆற்றல் என்று எழுதிய குறிப்பைக் கேட்டேன். அப்படி எதையும் எழுதிவைக்கும் வழக்கம் இல்லையாம். ஒரு மருத்துவர் உங்களுக்கு இதைச் செய்யும்போது அந்த எண்களை ஒவ்வொரு முறையும் எழுதிவைப்பார்; கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஊசித் தலையின் உறையை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். ஒரே ஜன்னல், ஒரே நேரம், ஒரே கோணம் என்று உங்கள் படத்தை நீங்களே எடுத்துவையுங்கள். நான் எடுத்துவைக்கவில்லை, சண்டை போட என்னிடம் எதுவும் இல்லை.

வெயிலில் போகாமல், தினமும் சன்ஸ்கிரீன் பூசி, மருத்துவர் கொடுத்த களிம்பைப் போட்டு, ஏழு மாதத்தில் கன்னத்துச் சதுரங்கள் மங்கின. நெற்றிப்பொட்டில் மட்டும் இரண்டு வரிசை சின்னக் குழிகளாகவே தங்கிவிட்டன; அவற்றைப் பரு கொடுக்கவில்லை. சப்சிஷன் ஒரு முறை ஆகியிருக்கிறது. ஐஸ்பிக் குழிகளுக்கு அடுத்த மாதம் தொடங்கலாம் என்கிறார். எவ்வளவு குறையும் என்று கேட்டால் "குறையும், மறையாது" என்கிறார். இப்படிச் சொல்கிறவரை நம்பலாம் என்று தோன்றுகிறது.

மையத்திலிருந்து மாதந்தோறும் குறுஞ்செய்தி வருகிறது. என் மூன்றாவது அமர்வு இன்னும் காத்திருக்கிறதாம்.