நூல்: திருப்பூரில் ஒன்று, கோவைப் பட்டறையில் இன்னொன்று

நூல் என்றதும் திருப்பூர்க்காரருக்கு இழை சுற்றிய கோன்தான் கண்முன் வரும். கோவைப் பட்டறைக்காரருக்கு அது அளவு. 8 நூல் சேர்ந்தால் ஓர் இஞ்ச்.

பனியன் கம்பெனியில் 30-ஆம் நம்பரைவிட 40-ஆம் நம்பர் நூல் மெல்லியது. ஒரு பவுண்டு எடைக்கு 840 கஜ நீள இழைச் சுற்று, அதாவது சிட்டம், எத்தனை தேறுகிறதோ அதுதான் நம்பர். இழை மெலிய மெலியச் சிட்டம் கூடும், நம்பரும் ஏறும். பட்டறையில் நேர்மாறு: எண் ஏறினால் கம்பி பருக்கும். 3 நூல் கம்பி என்றால் 3/8 இஞ்ச் பருமன்.

எனக்குப் பட்டறை நூல்மேல் கொஞ்சம் கூடுதல் பிரியம். மில்லிமீட்டர் வந்து இத்தனை காலமாகியும், "ஏனுங்ணா, ரெண்டு நூல் தள்ளி வெட்டுங்க" என்றால் கட்டிங் மிஷின் சரியாகக் கால் இஞ்ச் தள்ளித்தான் இறங்குகிறது.