டாக்டர் ஹூ: எட்டு எபிசோட் எனக்குப் போதவில்லை

"டாக்டர் ஹூ புது சீசன் வரப்போகுதாமே, இப்போ ஆரம்பிக்கலாமா?" என்று நண்பர் கேட்டார். இது பிபிசியின் அறிவியல் புனைகதை டிவி தொடர். நீலப் பெட்டியில் காலப்பயணம் போகும் டாக்டர், அவ்வப்போது முகம் மாறி வேறு நடிகராக வருவது எல்லாம் அவருக்கே தெரியும். இத்தனை வருஷமாகப் பார்ப்பவன் என்ற முறையில், என்னை உறுத்தும் ஒன்றை மட்டும் சொல்கிறேன்: சீசன் சுருங்கிக்கொண்டே வருகிறது.

2005ல் தொடர் திரும்ப வந்தபோது 13 எபிசோட். 2018ல் 10. 2024, 2025 இரண்டிலும் எட்டே எட்டு. குறைந்தால் தரம் கூடும் என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2005ஐ எட்டோடு நிறுத்தியிருந்தால் எதெல்லாம் போயிருக்கும் பாருங்கள். ஒன்பதும் பத்தும்தான் 'தி எம்ப்டி சைல்ட்', 'தி டாக்டர் டான்ஸஸ்'. 1941, லண்டனில் குண்டு விழுகிறது. கேஸ் மாஸ்க் முகத்தோடு முகமாக ஒட்டிப்போன சிறுவன் ஒருவன், எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் அம்மாவைத் தேடி வருகிறான். கடைசியில் எல்லாரும் பிழைத்துவிட்டார்கள் என்று டாக்டர் சந்தோஷத்தில் கத்தும்போது இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கும். பதினொன்றாவது 'பூம் டவுன்'. மரண தண்டனைக்குக் கொண்டுபோக வேண்டிய வில்லியோடு டாக்டர் கார்டிஃபில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். அவள் விஷம் கலக்க, அவர் சத்தமில்லாமல் கோப்பையை மாற்றி வைக்கிறார். சண்டையில்லை, ஓட்டமில்லை, பேச்சுதான். எட்டுக்குள் அடக்கினால் இப்படிப்பட்ட கதைக்குத்தான் முதலில் கத்தி விழும்.

2024, 2025 சீசன்களில் டாக்டராக நடித்த ஷூட்டி கட்வாவைக் குறை சொல்லவே முடியாது. 'பூம்' எபிசோடில் கண்ணிவெடி மேல் கால் வைத்துவிட்டு, ஏறக்குறைய முழுக் கதையையும் நின்ற இடத்திலேயே நடித்துக் கொடுத்தார். அபாரம்! ஆனால் மனசில் ஒட்டுவதற்குள் 2025 மே 31 அன்று அவர் போய், டாக்டர் முகம் மாறி நடிகை பில்லி பைப்பரின் முகம் வந்து நின்றது. பிறகு பிபிசியோடு கூட்டு சேர்ந்திருந்த டிஸ்னியும் விலகியது. 2026 கிறிஸ்துமஸுக்கு 2005ல் தொடரைத் திரும்பக் கொண்டுவந்த ரஸ்ஸல் டி டேவிஸ் எழுதும் ஸ்பெஷல் (சீசனில் சேராத தனி எபிசோட்) ஒன்று உண்டு என்று பிபிசி அறிவித்தது. ஒன்றே ஒன்று.

1989ல் நின்று, நடுவில் 1996ல் ஒரு டிவி படத்தோடு, 2005 வரை பொறுத்திருந்த ரசிகர்கள் உள்ள தொடர் இது. காத்திருப்பது பெரிய விஷயமில்லை. காத்திருந்து கிடைப்பது கண் மூடித் திறப்பதற்குள் தீர்ந்துபோவதுதான் ஆத்திரம்.

டிவியில் இதற்கு இணையாக நான் எதையும் சொல்ல மாட்டேன். இருந்தும் நண்பரே, புது சீசனை நம்பி ஆரம்பிக்காதீர்கள். 2005லிருந்து பாருங்கள், ஒன்பதையும் பத்தையும் ஒரே ராத்திரியில். அடுத்த சீசன் எத்தனை எபிசோட் என்று பிபிசி முதலில் சொல்லட்டும். பத்துக்குக் குறைந்தால் யாருக்கும் நான் சிபாரிசு செய்வதாக இல்லை.