சர்க்கரைக்குத் தண்ணீரா, ஸ்பிரிட்டா? ஒட்டிக்கொள்ளும் மடிக்கணினி விசைகளுக்கான வழிகள், ஓர் ஒப்பீடு

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், ஐப்பசி அடைமழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், டபராவில் ஆற்றிக்கொண்டிருந்த காபி கை தவறி மடிக்கணினியின் இடப்பக்கத்தில் கொட்டியது. உடனே சார்ஜரைப் பிடுங்கி, கணினியை அணைத்து, விரித்தபடியே கவிழ்த்து வைத்து ஈரத்தை வடியவிட்டதால் இயந்திரம் தப்பியது, விசைகள் தப்பவில்லை. இரண்டு நாள் கழித்து இயக்கிப் பார்த்தபோது, தமிழ்99 முறையில் புள்ளி வைக்க உதவும் எஃப் விசை, அழுத்திய இடத்திலேயே தங்கி, மெல்ல மெல்ல மேலே வந்தது. தமிழில் நாள் முழுவதும் தட்டச்சு செய்கிறவருக்கு அந்த விசை இல்லாமல் ஒரு வரி கூட நகராது.

விசாரித்தவர்களில் பெரும்பாலோர் ஸ்பிரிட்டால் துடைக்கச் சொன்னார்கள். பழுதுபார்க்கும் கடையில் கீபோர்டையே மாற்றிவிடுவதுதான் நல்லது என்றார்கள். அரிசி மூட்டைக்குள் வைக்கச் சொன்னவர்களும் உண்டு. நெல் விளையும் ஊரில் அந்த யோசனை வராமல் இருக்காது. ஆனால் காய்ந்துபோன சர்க்கரையை அரிசியால் எடுக்க முடியாது என்பதோடு, அரிசியில் இருக்கும் தவிட்டுத் தூள் விசைகளின் இடுக்கில் இறங்கி இருக்கிற பிசுக்கோடு சேர்ந்துகொள்ளும் என்பதால், அதை இந்த ஒப்பீட்டிலிருந்து முதலிலேயே விலக்கிவிடுகிறேன்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், சிக்கல் விசையில் இருக்கிறதா, அதற்கு அடியில் இருக்கும் மின்சுற்றுத் தாளில் இருக்கிறதா என்று முதலில் பிரித்துப் பார்த்துவிட வேண்டும். மடிக்கணினியின் விசை ஒவ்வொன்றும் ஒரு மேல்மூடி, அதன் கீழே கத்தரிக்கோல் போலக் குறுக்காகக் கோத்த இரண்டு பிளாஸ்டிக் சட்டங்கள், நடுவில் ஒரு ரப்பர் குமிழ் என்ற அமைப்பில் இருக்கும்; இவை எல்லாவற்றுக்கும் அடியில், மின்தடங்கள் அச்சிட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். விசை அழுந்தி மெதுவாக எழுந்தாலோ, அழுத்தும்போது பிசுபிசுவென்று ஒட்டி விடுபட்டாலோ, கோளாறு சட்டங்களிலும் குமிழிலும் மட்டுமே இருக்க வாய்ப்பு அதிகம். விசை தாராளமாக எழும்பியும், தொடாமலேயே எழுத்து தானாக வரிசையாக விழுந்தாலோ, ஒன்றை அழுத்தினால் இரண்டு எழுத்துகள் வந்தாலோ, திரவம் தாள்களுக்கு இடையே புகுந்துவிட்டது என்று கொள்ளலாம். விண்டோஸில் உள்ள திரை விசைப்பலகையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு விசையாக அழுத்தினால், எது பதிவாகிறது, எது தானே அழுந்தி நிற்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். இரண்டாம் வகைக் கோளாற்றை மேலிருந்து செய்யும் எந்தச் சுத்தமும் தீர்க்காது. இந்தச் சோதனையைச் செய்யாமல் ஆளுக்கொரு வழி சொல்வதால்தான், ஒருவருக்குப் பலித்த வழி இன்னொருவருக்குப் பலிக்காமல் போகிறது.

தண்ணீரும் ஸ்பிரிட்டும்

ஸ்பிரிட் என்று எல்லோரும் சொல்வதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஐபிஏ என்று செல்போன் பழுதுபார்ப்பவர்கள் அழைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விரைவில் ஆவியாகிவிடும். மின்சாரத்தைக் கடத்தாது என்றே சொல்லலாம். எண்ணெய்ப் பிசுக்கையும் பற்றவைப்பில் மிஞ்சும் பசையையும் நன்றாக எடுக்கும். ஆகவே மின்பலகையைத் துடைக்க அவர்கள் அதைப் பயன்படுத்துவது முற்றிலும் சரி. ஆனால் விசையில் ஒட்டியிருப்பது எண்ணெய் அன்று, சர்க்கரை. அறை வெப்பத்தில் 100 மில்லி தண்ணீர் ஏறக்குறைய 200 கிராம் சர்க்கரையைக் கரைத்துக்கொள்ளும். தூய ஐபிஏவிலோ சர்க்கரை கரைவதே இல்லை என்னும் அளவுக்குத்தான் கரையும். 99 சதவீத ஐபிஏவை நனைத்துத் துடைத்த அன்று விசை சற்று இளகியதுபோல் தோன்றி, மறுநாள் பழையபடி ஒட்டிக்கொள்வது இதனால்தான்.

பால் கலந்த காபியில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. பால் குளிரூட்டும் நிலையங்களில், பால் கெடத் தொடங்கிவிட்டதா என்று அறிய ஆல்கஹால் கலந்து பார்ப்பார்கள். புளிக்கத் தொடங்கிய பால் உடனே திரிந்துவிடும். விசைக்கு அடியில் இரண்டு நாள் கிடந்த பாலில் நேராக ஸ்பிரிட்டை விட்டாலும் அதில் உள்ள புரதம் அப்படித்தான் இறுகும். ஆகையால் என் முடிவு, காபி, டீ, பால், பானகம், கருப்பஞ்சாறு, பன்னீர் சோடா என்று இனிப்பு கலந்த எதுவானாலும் முதலில் தண்ணீர், அதன் பிறகே ஸ்பிரிட் என்பதுதான். தண்ணீர் சர்க்கரையை எடுக்கும். பின்னால் வரும் ஸ்பிரிட், மிஞ்சிய கொழுப்பையும் அந்தத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு போகும். இரண்டையும் ஒரே புட்டியில் விரும்புகிறவர்களுக்கு 70 சதவீத ஐபிஏ ஒரு நடுவழி; அதில் உள்ள தண்ணீர் சர்க்கரையை ஓரளவு கரைக்கும், ஆனால் பல முறை துடைக்க வேண்டியிருக்கும்.

தண்ணீர் என்றால் குழாய்த் தண்ணீர் அன்று. டெல்டாவின் கடலோரப் பகுதிகளில், குறிப்பாக நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கங்களில், நிலத்தடி நீர் உப்பு; அது காய்ந்தால் வெள்ளைப் படிவத்தை விட்டுச் செல்லும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் பேட்டரிக் கடைகளில் மலிவாகவே கிடைக்கும். அதே கடையில் பேட்டரி ஆசிடும் இருக்கும் என்பதால் லேபிளைப் படித்து வாங்க வேண்டும்.

மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பொறுத்தவரை, சிலவற்றில் ஆமணக்கெண்ணெய் போன்றவை கலந்திருக்கும் என்பதால் நான் அதைத் தவிர்க்கிறேன். சானிடைசர் அதைவிடப் பொருத்தமற்றது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த கலவையிலேயே தோல் உலராமல் இருக்க 1.45 சதவீதம் கிளிசரால் உண்டு. கையைக் காக்கும் அதே பொருள் ஆவியாகாமல் விசைக்கு அடியில் தங்கி ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். நகப்பூச்சை நீக்கும் அசிட்டோன் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும்; அதன் பக்கமே போக வேண்டாம்.

மேலிருந்து துடைப்பதும் மூடியைக் கழற்றுவதும்

மூடியைக் கழற்றாமல், பஞ்சுக் குச்சியை ஈரமாக்கி விசையின் ஓரங்களில் ஓட்டித் துடைப்பது ஆபத்து குறைந்த வழி. கொட்டிய அன்றே செய்தால் பலிக்கும். காய்ந்த பிறகு செய்தால், சர்க்கரை கரைந்து இன்னும் கீழே இறங்குவதுதான் நடக்கும். எனக்கும் அப்படித்தான் நடந்தது: துடைத்த மறுநாள் எறும்புகள் சாரை சாரையாக எஃப் விசையின் அடியில் புகுந்துகொண்டிருந்தன. அதற்குப் பிறகே மூடியைக் கழற்றத் துணிந்தேன்.

கணினியை அணைத்து, சார்ஜரை எடுத்துவிட்டு, மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை ஒரு மூலையில் செருகி மெதுவாக நெம்பினால் மூடி 'டிக்' என்ற ஒலியோடு விடுபடும். எந்தப் பக்கம் கவ்வி, எந்தப் பக்கம் கொக்கி என்பது மாடலுக்கு மாடல் மாறும் என்பதால், உங்கள் மாடலின் படத்தை முன்னதாகப் பார்த்துக்கொள்வது நல்லது. கொக்கிப் பக்கத்திலிருந்து இழுத்தால் மயிரிழை கனமுள்ள அந்தப் பிளாஸ்டிக் முறிந்துவிடும். 2015 முதல் 2019 வரை ஆப்பிள் மடிக்கணினிகளில் வந்த பட்டாம்பூச்சி வகை விசைகளை வீட்டில் கழற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உள்ளே பார்த்தபோது, மேசைமேல் டம்ளர் வைத்த தடம் போல, ரப்பர் குமிழைச் சுற்றிப் பழுப்பு வளையம் ஒன்று படிந்திருந்தது. இரண்டு சட்டங்களும் குறுக்கே சேரும் அச்சில் பாகு கம்பிப்பதம் போல நூலாக இழுத்தது. மூடியையும் சட்டங்களையும் வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரில் பத்து நிமிடம் ஊறவைத்தேன். குமிழை மட்டும் கழற்றவில்லை. அது ஒட்டப்பட்டிருக்கும், பிய்ந்தால் விசையின் துள்ளல் போய்விடும். ஈரம் பிழிந்த பஞ்சுக் குச்சியால் அதைச் சுற்றித் துடைத்து, குச்சியில் பழுப்பு ஏறுவது நின்றதும், ஐபிஏ நனைத்த குச்சியால் ஒரு சுற்றுத் துடைத்து, இரவு முழுவதும் மின்விசிறிக் காற்றில் காயவிட்டேன். ஹேர் டிரையரின் சூடு சட்டங்களை வளைத்துவிடும் என்பதால் அதைப் பயன்படுத்தவில்லை. மறுநாள் மூடியை வைத்து அழுத்தியபோது, விரலுக்குத் தட்டுப்படும் அந்தச் சிறு கோட்டோடு எஃப் விசை உடனுக்குடன் மேலெழுந்தது.

இடப்பக்க ஷிப்ட் விசையில் அவ்வளவு எளிதாக முடியவில்லை. ஷிப்ட், என்டர், ஸ்பேஸ் போன்ற நீள விசைகளுக்கு அடியில் ஒரு மெல்லிய கம்பி ஓடும். அதன் இரு முனைகளும் சிறு கொக்கிகளுக்குள் நுழைந்த பிறகே மூடியை அழுத்த வேண்டும். அந்தக் கம்பியை இடத்தில் நுழைக்க மட்டுமே எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. வெல்லம் மழைக்காலத்தில் கசிவது போல, விசையில் மிஞ்சிய சர்க்கரையும் கார்த்திகை ஈரத்தில் இளகி மீண்டும் ஒட்டும் என்பதால், ஷிப்டை இரண்டாம் முறையும் கழற்றிச் சுத்தம் செய்ய நேர்ந்தது.

முழுதாகக் கழுவுவதும் மாற்றுவதும்

ஐந்தாறு விசைகள் வரை மேற்சொன்ன வழிதான் சிறந்தது என்பது என் கருத்து. பாதி விசைப்பலகை ஒட்டினாலோ, எழுத்துகள் தானாக விழுந்தாலோ கணக்கு மாறுகிறது. விசைப்பலகையைத் தனியே எடுத்துத் தண்ணீரில் அலசிக் காயவைத்தால் பிழைத்துக்கொள்ளும் என்று சொல்வோர் உண்டு. சில சமயம் பிழைக்கவும் செய்கிறது. ஆனால் தாள்களுக்கு இடையே புகுந்த தண்ணீர் எளிதில் வெளியேறாது. நம் ஊர் மழைக்காலக் காற்றில் நாட்கணக்கில் அங்கேயே நின்று, மின்தடங்களை அரிக்கத் தொடங்கும். எப்படியும் மாற்றப் போகிற விசைப்பலகைக்கு மட்டும், சித்திரை வைகாசியில், கடைசி முயற்சியாக அதைச் செய்து பார்க்கலாம்.

மாற்றுவதற்கு ஆகும் செலவும் உழைப்பும் கணினியின் அமைப்பைப் பொறுத்தது. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அக்காலத்துக் கணினிகள் பலவற்றில் சில திருகாணிகளைக் கழற்றினால் விசைப்பலகை தனியாக வந்துவிடும். இப்போதைய மெல்லிய மடிக்கணினிகளிலோ, அது மேல்தட்டோடு டஜன் கணக்கான பிளாஸ்டிக் முளைகளால் உருக்கி ஒட்டப்பட்டிருப்பதுண்டு; மேல்தட்டையே மாற்ற வேண்டியிருந்தால் செலவு பன்மடங்காகும். அந்த நிலையில், 500 ரூபாய் அளவில் கிடைக்கும் யுஎஸ்பி விசைப்பலகையைச் செருகிக்கொண்டு, மடிக்கணினியின் சொந்த விசைப்பலகையை முடக்கிவைப்பது, மேசையில் மட்டும் வேலை செய்பவருக்குக் குறையற்ற தீர்வு. பேருந்திலும் ரயிலிலும் மடியில் வைத்து எழுதுகிறவருக்கு அது பயன்படாது.

மாற்றுவது என்று முடிவானால், கணினியின் மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்கச் சொல்லாதீர்கள். ஒரே பெயரில் வரும் கணினிகளிலேயே, பின்னால் இருக்கும் ரிப்பன் கேபிளின் அகலமும், என்டர் விசையின் வடிவமும், விளக்கு உண்டா இல்லையா என்பதும் வேறுபடும். பழைய விசைப்பலகையைக் கழற்றச் சொல்லி, அதன் முதுகில் ஒட்டியிருக்கும் பாக எண்ணைப் படம் எடுத்து, அதைக் காட்டி வாங்குங்கள். கழற்றும் முன் பேட்டரி இணைப்பு எடுக்கப்பட்டதா என்பதை அருகில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.