நாய்க்கு ஜெல் பாய் வாங்கலாமா? வேலூர் வெயிலில் இரண்டு கோடை பார்த்த அனுபவம்

எங்கள் ராணி ஏழு வயது லாப்ரடார். ஊர் வேலூர், வீடு மாடியில், தலைக்கு மேலே மொட்டை மாடி நாள் முழுக்கக் காய்கிறது. இதை முதலிலேயே சொல்லக் காரணம், இந்தப் பாய் சரிப்படுமா இல்லையா என்பது நாயையும் ஊரையும் வீட்டையும் பொறுத்த விஷயம்.

போன வருஷம் ஏப்ரலில் ஒரு நாள் காலை எட்டரைக்கு வாக்கிங் கூட்டிப்போனேன். தாமதமாகக் கிளம்பியது என் தப்பு. திரும்பி வந்தவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் கூடத்தில் சாய்ந்துவிட்டாள், நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் பசை மாதிரி ஒழுகியது, எழுந்தால் கால் தள்ளாடியது. குழாயைத் திறந்தால் தொட்டித் தண்ணீர் சுடுகிறது! குடிக்கப் பிடித்துவைத்திருந்த இரண்டு குடம் தண்ணீரை வயிற்றிலும் தொடை இடுக்கிலும் ஊற்றி, ஃபேனை நேராக வைத்துவிட்டு, அப்புறம்தான் ஆட்டோ பிடித்தோம். அப்படி நனைத்துவிட்டும் டாக்டர் பார்த்தபோது 105 டிகிரி. நாய்க்கு 101 முதல் 102.5 வரைதான் சாதாரணம், 106-ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. முதலில் குளிர வைத்துவிட்டு வந்ததால்தான் பிழைத்தாள் என்றார். அன்று ராத்திரியே இந்தப் பாயை ஆர்டர் செய்தேன், பெரிய அளவு, 1,650 ரூபாய்.

கரண்ட் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், ஃப்ரிட்ஜில் வைக்கவும் வேண்டாம். உள்ளே ஜெல், மேலே நைலான் துணி, அவ்வளவுதான். நாய் படுத்தால் உடம்புச் சூட்டை ஜெல் வாங்கிக்கொள்ளும். முதல் இரண்டு நாள் ராணி அதை மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனாள். பழகட்டும் என்று அவளுடைய பழைய போர்வையை மேலே விரித்தேன், படுத்தாள், ஆனால் போர்வை இருந்தால் குளிர்ச்சி உடம்புக்கு ஏறவே ஏறாது. மூன்றாம் நாள் போர்வையை எடுத்துவிட்டு அவள் பிஸ்கட்டை நடுவில் வைத்தேன். அதன் பிறகு பிரச்சினை இல்லை.

முக்கால் மணி நேரம் நன்றாக இருக்கிறது, மூச்சிரைப்பு குறைவது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் ஒரு மணி நேரம் தாண்டினால் பாயும் அவள் உடம்பு அளவுக்குச் சூடாகிவிடும். எழுந்து போய் அரை மணியாவது பாய் காலியாகக் கிடந்தால்தான் மறுபடி குளிரும். அறையே அனலாக இருக்கிற அக்னி நட்சத்திர மதியத்தில் அதுவும் நடப்பதில்லை. ஒருநாள் பால்கனியில் மறந்து விட்டுவிட்டேன், தொட்டுப் பார்த்தால் தோசைக்கல். வெயில் படும் இடத்தில் தயவுசெய்து போடாதீர்கள்.

உண்மையைச் சொன்னால், எங்கள் ஊர் வறண்ட வெயிலுக்கு நனைத்த கோணிச் சாக்கும் ஃபேனும் இந்தப் பாயைவிட நன்றாக வேலை செய்கின்றன. ஈரம் காயும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, பாதத்தில் மட்டும் கொஞ்சம், மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதுதான் அதற்குக் கதி. அந்த ஈரத்தை நாம் வெளியிலிருந்து கொடுக்கிறோம், அவ்வளவே. சாக்கை அவள் மேல் போர்த்தக் கூடாது, சூடு உள்ளேயே தங்கிவிடும், கீழேதான் போட வேண்டும். ஆனால் சென்னையில் சித்தி வீட்டில் ஒரு பக் நாய் இருக்கிறது, சப்பை மூக்கு, சும்மாவே மூச்சு வாங்கும். அங்கே காற்றே ஈரம், சாக்கு காயாது, நாய் இரைத்தாலும் பெரிய பலன் இல்லை. அங்கே இந்த ஜெல் பாய் நிஜமாகவே உதவுகிறது, ஏனென்றால் இது ஈரம் காய்வதை நம்பி இல்லை. மதியம் ஏசி போட்ட அறையில் விரித்து வைத்திருக்கிறார்கள்.

குறை என்றால் தையல். மூன்றாம் மாதம் ஒரு மூலை பிரிந்து ஜெல் கசிந்தது. விற்றவர்களைக் கேட்டால் பத்து நாளுக்குள் சொல்லியிருந்தால்தான் மாற்றித் தருவோம் என்றார்கள், நச்சு இல்லை, கவலைப்படாதீர்கள் என்றும் சொன்னார்கள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. ஜெல் நச்சில்லை என்றே வைத்துக்கொண்டாலும், கிழிந்த பிளாஸ்டிக்கை நாய் விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். கடித்துப் பிய்க்கிற குட்டி இருந்தால் வாங்கவே வேண்டாம். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் எந்த நாயிடமும் விட்டுவிட்டுப் போக வேண்டாம்.

இந்த வருஷம் இரட்டைத் தையல் போட்ட வேறொன்று வாங்கினேன், 2,100 ரூபாய், இதுவரை கசியவில்லை. மதியம் சாக்கு, சாயங்காலம் தரைச் சூடு இறங்கிய பிறகு பாய் என்று மாற்றி மாற்றிப் போடுகிறேன். வாக்கிங் இப்போது காலை ஐந்தரைக்கு. ராத்திரி என்றால் முதலில் புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்துப் பார்க்கிறேன், ஏழெட்டு நொடி வைக்க முடியவில்லை என்றால் அவளையும் இறக்குவதில்லை. ஒன்பது மணிக்குக்கூடச் சில நாள் சுடுகிறது.