ஆன்லைன் விளையாட்டில் லேக் குறைய: கணினியிலும் இணைப்பிலும் செய்த மாற்றங்கள் குறித்த நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

நடுத்தரத் திறன் கொண்ட மேசைக் கணினி, நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், வீட்டுக்கு வரும் ஃபைபர் இணைப்பு ஆகியவற்றை வைத்துச் சில ஆண்டுகளாக ஆன்லைன் ஷூட்டர் விளையாட்டுகளை, அதிலும் பெரும்பாலும் வேலரண்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 ஆகிய இரண்டையும், ஆடிவருகிறேன். விளையாட்டைச் சீராக்கும் என்று சொல்லப்படும் மாற்றங்களில் பெரும்பாலானவற்றைச் செய்து, ஒவ்வொன்றையும் சில வாரங்களாவது அப்படியே வைத்திருந்து கவனித்தேன். உண்மையில் பலன் தந்தவை மிகச் சில. அவற்றுள் முதன்மையான இரண்டும், இணைப்பிலும் கிராஃபிக்ஸ் கார்டிலும் தேங்கி நின்ற வரிசைகளைக் கலைத்ததால் பலன் தந்தவை. அதற்காக இரண்டு இடங்களிலும் உச்ச வேகத்தை நானே சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

எந்த அமைப்பிலும் கை வைப்பதற்கு முன்பு, லேக் எனப்படும் தடங்கல் எங்கிருந்து வருகிறது என்பதைப் பிரித்தறிய வேண்டும். அதற்குத் தனி மென்பொருள் எதுவும் தேவையில்லை. திரை திக்கும் அந்த நொடியில் மவுஸை இடமும் வலமுமாக அசைத்துப் பாருங்கள். உங்கள் பார்வை திரும்புவதே விட்டுவிட்டு நிகழ்ந்தால் சிக்கல் கணினியில் இருக்கிறது. உங்கள் பார்வை வழுக்கிக்கொண்டு திரும்ப, எதிரிகள் மட்டும் உறைந்து நின்று திடீரென வேறிடத்தில் தோன்றினாலோ, நீங்கள் நாலடி ஓடிய பிறகு பழைய இடத்துக்கே இழுத்துவரப்பட்டாலோ சிக்கல் இணைப்பில் இருக்கிறது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், பாக்கெட் இழப்புக்காக, அதாவது தரவுத் துண்டுகள் வழியில் தொலைவதற்காக, கிராஃபிக்ஸ் கார்டு மாற்றுகிறவர்களையும், தூசி அடைத்த விசிறிக்காக இணையத் திட்டத்தை உயர்த்துகிறவர்களையும் நான் அறிவேன்.

இணைப்பைப் பொறுத்தவரை, வேகச் சோதனையில் வரும் பெரிய எண் விளையாட்டுக்கு ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை. ஒரு ஷூட்டர் விளையாட்டுக்கு நொடிக்கு ஒரு மெகாபிட்டுக்கும் குறைவான தரவே போதும். ஆனால் அந்தச் சிறிய பாக்கெட்டுகள் ஒரே சீரான இடைவெளியில் வந்துசேர வேண்டும். என் வீட்டில் சாதாரணமாக 30 மில்லி விநாடி அளவில் நிற்கும் பிங் (ஒரு பாக்கெட் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்), யாரோ ஒருவருடைய கைப்பேசி படங்களைக் கிளவுடுக்குப் பதிவேற்றத் தொடங்கியதும் 300-ஐத் தாண்டியது. பதிவேற்றம் முடிந்ததும் பழையபடி இறங்கியது. இணைப்பு நூறு மெகாபிட் திட்டம்தான் என்பதால், முதலில் யாரும் இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்கும் என்று நம்பவில்லை.

இதற்குக் காரணம், ரவுட்டரும் மோடமும் பாக்கெட்டுகளை இழக்கக் கூடாது என்பதற்காகத் தம்மிடம் வைத்திருக்கும் அளவுக்கு மீறிய இடைநினைவகம். பதிவேற்றும் பாதை நிரம்பியதும் மிச்சம் அங்கே வரிசையாகத் தேங்குகிறது. சரக்கு லாரிகளின் பின்னால் சிக்கிக்கொண்ட ஆம்புலன்ஸைப் போல விளையாட்டின் சிறு பாக்கெட் அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது. பஃபர்ப்ளோட் என்று மென்பொருள் வல்லுநர் ஜிம் கெட்டிஸ் பெயரிட்டுப் பரவலாகப் பேசவைத்த சிக்கல் இதுதான். கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேகப்சனும் 2012-இல் வெளியிட்ட கோடெல் என்ற முறை, பாக்கெட் வரிசையில் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்பதைக் கணக்கிட்டு, காத்திருப்பு நீடித்தால் சிலவற்றைக் கைவிட்டு, அனுப்புகிறவரை வேகம் குறைக்கச் செய்கிறது. அதனுடன் ஒவ்வோர் இணைப்புக்கும் தனி வரிசை தரும் ஏற்பாடு சேர்ந்து எஃப்.க்யூ-கோடெல் ஆயிற்று, அதன் வழிவந்த கேக் 2018 முதல் லினக்ஸ் கெர்னலில் இடம்பெற்றுள்ளது.

சேவை நிறுவனம் கொடுத்த ரவுட்டரில் இந்த வசதி இல்லை. எனவே அதை வெறும் பாலமாக மாற்றிவிட்டு, ஓப்பன்-டபிள்யூ-ஆர்.டி என்ற திறந்த மூல ரவுட்டர் மென்பொருளை ஏற்கும் வேறொரு ரவுட்டரை அதன் பின்னால் வைத்து, வரிசைகளை ஒழுங்குபடுத்தும் எஸ்.க்யூ.எம் என்ற பகுதியில் கேக் முறையைத் தேர்ந்தெடுத்தேன். அங்கே நிரப்ப வேண்டிய முக்கியமான விவரங்கள் இரண்டுதான்: பதிவிறக்க வரம்பு, பதிவேற்ற வரம்பு. இரண்டையும் உண்மையில் கிடைக்கும் வேகத்தில் 90 விழுக்காடு அளவுக்கு வைத்தால், வரிசை மோடத்தில் உருவாகாமல் நம் கட்டுப்பாட்டில் உள்ள ரவுட்டரிலேயே உருவாகும். அங்கே அதை ஒழுங்குபடுத்தலாம். அன்று முதல், பின்னணியில் யார் எதைப் பதிவேற்றினாலும் என் பிங் 30-க்கும் 40-க்கும் இடையிலேயே நிற்கிறது. வேகச் சோதனையில் எண் இறங்கியிருப்பதைப் பார்த்து வீட்டில் கேள்வி எழத்தான் செய்தது. ஆனால் காணொளி அழைப்புகள் அறுபடாமல் வரத் தொடங்கியதும் அந்தக் கேள்வி தானாக அடங்கிவிட்டது.

இதில் இரண்டு குறைகளைச் சொல்ல வேண்டும். இந்தக் கணக்கை ரவுட்டரின் செயலி செய்வதால், பழைய ரவுட்டர்கள் சில நூறு மெகாபிட்டுக்கு மேல் தாக்குப்பிடிப்பதில்லை. அதிவேகத் திட்டம் வைத்திருப்பவர்கள் ரவுட்டரின் திறனைப் பார்த்தே இறங்க வேண்டும். மற்றொன்று, மொபைல் இணைப்பைப் போல நேரத்துக்கு நேரம் வேகம் மாறும் இணைப்புகளில் நிலையான வரம்பு சரிவராது. ரவுட்டரை மாற்ற முடியாதவர்கள், கிளவுட் ஒத்திசைவுகளை விளையாடும் நேரத்தில் நிறுத்திவைப்பதும், விண்டோஸ் புதுப்பிப்புகளைப் பிற கணினிகளுக்குப் பகிரும் டெலிவரி ஆப்டிமைசேஷன் வசதியை அணைப்பதும் அதே பலனில் ஒரு பங்கையாவது தரும்.

அடுத்தது வைஃபை. இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, கேபிள்தான் விடை. ஆயினும் அதை அளந்து பார்ப்பது நல்லது. வெளியே உள்ள எந்தச் சர்வரையும் விட்டுவிட்டு, ரவுட்டரின் சொந்த முகவரிக்கே தொடர்ச்சியாக பிங் கட்டளையை ஓடவிடுங்கள். கேபிளில் அது ஒரு மில்லி விநாடிக்குள் நிற்கும். என் பழைய வைஃபை அடாப்டரிலோ 2, 3, 2 என்று வந்துகொண்டிருந்த எண்கள் நடுவே 80, 110 என்று தாவின. வைஃபையில் ஒரு நேரத்தில் ஒரு கருவியே அந்த அலைவரிசையில் பேச முடியும். பக்கத்து வீடுகளின் ரவுட்டர்களும், புளூடூத் கருவிகளும், மைக்ரோவேவ் அடுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸையே பகிர்ந்துகொள்கின்றன. சில அடாப்டர்கள் வேறு நெட்வொர்க்குகள் உள்ளனவா என்று அவ்வப்போது தேடுவதாலும் இந்தத் தாவல் நிகழ்கிறது. கேட்-5இ வகைக் கேபிள் 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் வேகத்தைத் தாங்கும் என்பதால், அதைவிட உயர்ந்த வகையை விளையாட்டுக்காக வாங்குவதில் பொருளில்லை. கேபிள் இழுக்க முடியாத இடங்களில் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறி, ரவுட்டருக்கும் கணினிக்கும் இடையிலுள்ள சுவர்களைக் குறைப்பதே அடுத்த வழி.

தூரத்தை எந்த அமைப்பாலும் வெல்ல முடியாது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. ஆகவே 3,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சர்வருக்குப் போய்த் திரும்பவே குறைந்தது 30 மில்லி விநாடி ஆகும், நடைமுறையில் அதற்கும் கூடுதலாகவே ஆகும். பாக்கெட்டுகளை வேறு பாதையில் திருப்பிப் பிங்கைக் குறைப்பதாகச் சொல்லும் வி.பி.என் வகைச் சேவைகள், நம் நிறுவனம் பாக்கெட்டுகளைச் சுற்றுப்பாதையில் அனுப்பும்போது மட்டுமே உதவும். எனக்குச் சில மாலைகளில் சிறிது பலன் இருந்தது. மற்ற நேரங்களில் இடையில் ஒரு நிறுத்தம் கூடியதுதான் மிச்சம் என்பதால் விட்டுவிட்டேன்.

பலன் தராதவற்றின் பட்டியல் நீளமானது. விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் நேகிள் முறையை அணைக்கும்படி சொல்லும் அறிவுரை இன்றும் சுற்றிவருகிறது. ஜான் நேகிள் 1984-இல் முன்வைத்த, சிறு பாக்கெட்டுகளைச் சேர்த்து அனுப்பும் அந்த முறை, தரவு வந்துசேர்ந்ததை உறுதிசெய்துகொள்ளும் டி.சி.பி நெறிமுறைக்கு உரியது, விரைவு விளையாட்டுகள் ஆட்டத் தரவை அந்த உறுதிக்குக் காத்திராத யு.டி.பி வழியாக அனுப்புவதால் அந்த மாற்றம் அவற்றைத் தொடுவதே இல்லை. டி.என்.எஸ் முகவரியை மாற்றினால் பெயருக்கான முகவரியைத் தேடும் நேரம் குறையலாம். ஆட்டம் தொடங்கிய பின் அதற்கு வேலை இல்லை. விண்டோஸ் 20 விழுக்காடு இணைய வேகத்தை ஒதுக்கிவைத்திருக்கிறது என்பது எக்ஸ்.பி காலத்திலேயே மைக்ரோசாஃப்ட் மறுத்த கதை. ஒரே சொடுக்கில் நினைவகத்தைத் துடைக்கும் மென்பொருள்கள் நன்மை செய்யாததோடு, திரும்பத் தேவைப்படும் தரவையும் வெளியேற்றிப் புதிய திக்கல்களை உருவாக்குகின்றன.

கணினியின் பக்கம் வந்தால், முதலில் பார்க்க வேண்டியவை இரண்டும் மிக எளியவை; இருந்தும் பலரும் பார்ப்பதில்லை. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கிப் பொருத்திய பிறகும் விண்டோஸின் மேம்பட்ட காட்சி அமைப்புகளில் 60 என்றே இருக்கக்கூடும். 60-இல் ஒரு ஃபிரேமுக்கு (திரையில் வரும் ஒரு படத்துக்கு) 16.7 மில்லி விநாடி, 144-இல் 6.9 என்பதால் இந்த ஒரு தேர்வே பெரிய மாற்றம். அதேபோல 3200 என்று அச்சிட்ட ராம், கணினி தொடங்கும்போது இயங்கும் அடிப்படை அமைப்பான பயாஸில், ராமை அந்த வேகத்தில் ஓட்டும் எக்ஸ்.எம்.பி-யை இயக்காதவரை 2133, 2400 போன்ற வேகங்களிலேயே ஓடும். என் கணினியில் அதை இயக்கியபோது சராசரி எஃப்.பி.எஸ் (நொடிக்கு வரும் ஃபிரேம்களின் எண்ணிக்கை) கொஞ்சமே உயர்ந்தது; ஆனால் புகைக்குண்டுகள் வெடித்துப் பலர் ஒரே இடத்தில் மோதும் நேரங்களில் ஏற்பட்ட சரிவு நன்றாகக் குறைந்தது. சராசரியைவிட அந்தச் சரிவுதான் கையில் உணரப்படுகிறது.

ஃபிரேம் வரம்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டு முழுத் திறனில் திணறும்போது, செயலி தயாரித்து அனுப்பும் ஃபிரேம்கள் அதன் முன்னால் வரிசையில் நிற்கின்றன. அதனால் எஃப்.பி.எஸ் எண் உயரமாகத் தெரிந்தாலும், மவுஸை அழுத்தியதற்கும் துப்பாக்கி வெடிப்பதற்கும் இடையிலான தாமதம் கூடுகிறது. ரவுட்டரில் கண்ட அதே வரிசை இங்கே வேறு வேடத்தில் இருக்கிறது, தீர்வும் அதேதான். கார்டு தரும் ஃபிரேம்களுக்கு ஏற்ப மானிட்டர் தன் வேகத்தைச் சரிசெய்துகொள்ளும் மாறும் ரெஃப்ரெஷ் ரேட் வசதியை இயக்கி, வரம்பை மானிட்டரின் 144-க்குச் சற்றுக் கீழே 141 என்று வைத்தேன். படம் கிழிந்ததுபோல் தெரிவது போயிற்று, விசிறியின் சத்தம் தணிந்தது, குறி வைப்பது லேசானது. 2020-இல் வந்த என்விடியா ரிஃப்ளெக்ஸ் இந்த வரிசையை விளையாட்டுக்குள்ளிருந்தே கட்டுப்படுத்துகிறது. நான் ஆடும் இரண்டு விளையாட்டுகளிலும் அது உண்டு, அதை அணைத்துவைக்க எந்தக் காரணமும் எனக்குத் தென்படவில்லை.

இத்தகைய வசதியை விளையாட்டு தானே தருவதற்கும் வெளியிலிருந்து திணிப்பதற்கும் வேறுபாடு உண்டு. 2023 அக்டோபரில் ஏ.எம்.டி கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-க்கும் விரிவாக்கிய ஆன்டி-லேக் பிளஸ், விளையாட்டின் கோப்புகளில் டிரைவர் வழியாகக் குறுக்கிட்டதால், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-இன் ஏமாற்றுத் தடுப்பு அதை மோசடியாகக் கருதி, எதுவும் அறியாத ஆட்டக்காரர்களைத் தடைசெய்தது, ஏ.எம்.டி அந்த வசதியைத் திரும்பப் பெற்றது. அதிலிருந்து, விளையாட்டின் கோப்புகளைத் தொடும் எந்த முடுக்கி மென்பொருளையும் நான் நிறுவுவதில்லை. கணினியின் பாதுகாப்பு வசதிகளான செக்யூர் பூட்டையும் டி.பி.எம்-ஐயும் அணைத்தால் வேகம் கூடும் என்பாரின் பேச்சையும் கேட்க வேண்டாம். விண்டோஸ் 11-இல் வேலரண்ட் அவை இல்லாமல் தொடங்கவே தொடங்காது.

மற்றவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். விண்டோஸில் 2017-இல் அறிமுகமான கேம் மோடை இயக்கியே வைத்திருக்கிறேன். அதனால் கெடுதல் இல்லை, பெரிய நன்மையும் தெரியவில்லை. மவுஸ் நொடிக்கு எத்தனை முறை கணினிக்குத் தகவல் தருகிறது என்பதைக் குறிக்கும் போலிங் ரேட் 125-இலிருந்து 1000-க்கு உயர்ந்தால் அதன் இடைவெளி 8 மில்லி விநாடியிலிருந்து ஒன்றாகிறது. 8000 ஹெர்ட்ஸ் வரை ஏற்றுவது, செயலி வலுவாக இல்லாவிட்டால் எஃப்.பி.எஸ்-ஐயே பாதிக்கிறது. வெப்பம் மட்டும் அலட்சியப்படுத்தக் கூடாதது: முதல் அரைமணி நேரம் சீராக ஓடி அதன் பிறகே திக்கத் தொடங்கும் கணினியில், அமைப்புகளைத் தேடுவதற்கு முன் விசிறிகளில் படிந்த தூசியைத் தட்ட வேண்டும்.

நீண்டகாலப் பயன்பாட்டில் மட்டுமே தெரியவரும் தொல்லை ஒன்று உண்டு. இந்த அமைப்புகள் தாமாக நிலைத்திருப்பதில்லை. பயாஸ் புதுப்பித்தால் எக்ஸ்.எம்.பி அணைந்துவிடும். கிராஃபிக்ஸ் டிரைவரைச் சுத்தமாக மறுநிறுவல் செய்தால் ஃபிரேம் வரம்பு காணாமல் போகும். காட்சியை வரையும் சிறு நிரல்களான ஷேடர்களும் மீண்டும் தொகுக்கப்படுவதால் அடுத்த ஓரிரு ஆட்டங்கள் திக்கும், அதைக் கண்டு அவசரப்பட்டு வேறெதையும் மாற்றக் கூடாது. சேவை நிறுவனம் திட்டத்தின் வேகத்தை உயர்த்தியபோது எஸ்.க்யூ.எம் வரம்பு பழைய எண்ணிலேயே நின்றிருந்தது. இப்போது எந்தப் புதுப்பிப்புக்குப் பிறகும் ரெஃப்ரெஷ் ரேட், ராம் வேகம், ஃபிரேம் வரம்பு, ரவுட்டர் வரம்பு ஆகிய நான்கையும் ஒருமுறை சரிபார்த்த பின்னரே ஆட்டத்தில் நுழைகிறேன்.

இன்னும் தீராமல் இருப்பது, இரவு நேரங்களில் சில சர்வர்களுக்கு மட்டும் ஏற்படும் பாக்கெட் இழப்பு. விண்டோஸின் பாத்பிங் கட்டளை வழியிலுள்ள ஒவ்வொரு நிறுத்தத்தின் இழப்பையும் காட்டும். நடுவில் ஒரு நிறுத்தத்தில் மட்டும் இழப்பு தெரிந்து அடுத்தவற்றில் இல்லையென்றால் அது பெரும்பாலும் அந்த ரவுட்டர் பிங்குக்குப் பதிலளிப்பதைக் குறைத்துக்கொண்டதே தவிர உண்மை இழப்பு ஆகாது. அந்த நிறுத்தத்தில் தொடங்கிக் கடைசி வரை தொடர்ந்தால்தான் கவலைப்பட வேண்டும். என் இணைப்பில் அது நிறுவனத்தின் எல்லைக்கு வெளியே முதல் நிறுத்தத்தில் தொடங்குகிறது. வேகச் சோதனையின் படத்தை அனுப்பியபோதெல்லாம் "வேகம் சரியாகத்தான் இருக்கிறது" என்ற ஒரே பதில்தான் வந்தது. நேரக் குறிப்புடன் பாத்பிங் முடிவுகளைத் தொகுத்து அனுப்பிய பிறகு புகார் நெட்வொர்க் பிரிவுக்கு மாற்றப்பட்டது. அவர்கள் பாதையை மாற்றிய ஒரு சர்வரில் இழப்பு நின்றுவிட்டது. மற்றொன்றுக்கு இன்னும் பதில் வரவில்லை, ஆகவே இரவு ஆட்டங்களுக்கு அந்தச் சர்வரைத் தேர்விலிருந்து நீக்கிவைத்திருக்கிறேன்.