வேரியபிள் என்.டி.யா, தனிக் கண்ணாடிகளா? சிக்கல் கடைசிப் பத்துப் பாகையில்

பட்டப்பகலில் அருவி நீரை இழை இழையாகப் படம் பிடிக்க வேண்டுமானால் லென்ஸுக்குள் போகும் ஒளியைக் குறைத்தாக வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வளையத்தைத் திருப்பத் திருப்ப இருண்டுகொண்டே போகும் வேரியபிள் என்.டி. ஃபில்டர் (என்.டி. என்றால் நியூட்ரல் டென்சிட்டி, நிறத்தைத் தொடாமல் ஒளியை மட்டும் குறைப்பது). மற்றது, என்.டி.8, என்.டி.64, என்.டி.1000 என்று அளவு மாறாத சாம்பல் நிறக் கண்ணாடிகள் (என்.டி.8 என்றால் எட்டில் ஒரு பங்கு ஒளியே உள்ளே போகும்), கூடவே ஒரு சர்க்குலர் போலரைசர், அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விட்டுப் பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர். நான் இரண்டாவதை வாங்கினேன். ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

வேரியபிளின் சௌகரியம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரே ஃபில்டர், பையில் இடம் மிச்சம், மேகம் விலகினால் விரலால் ஒரு திருப்பு. தனிக் கண்ணாடிக்காரர் ஈரப் பாறையில் நின்றுகொண்டு திருகிக் கழற்றி மாட்ட வேண்டும். என்.டி.1000 மாட்டிய பிறகு ஃபோகஸ் செய்வதும் பெரும்பாடு. முன்பே ஃபோகஸ் செய்து பூட்டிவிட வேண்டும். இவற்றில் எல்லாம் வேரியபிளுக்கே வெற்றி.

ஆனால் அந்த வளையத்துக்குள் இருப்பது என்ன? ஒன்றன்பின் ஒன்றாக வைத்த இரண்டு போலரைசர்கள். எத்திசையிலும் அதிரும் சாதாரண ஒளி முதல் போலரைசரைக் கடக்கும்போதே, குறையே இல்லாத போலரைசராக இருந்தாலும், பாதியாகிவிடும். ஃபோட்டோகிராஃபர் கணக்கில் அது ஒரு ஸ்டாப். நிஜப் போலரைசர் தானும் கொஞ்சம் உறிஞ்சுவதால் ஒன்றரை ஸ்டாப் அளவுக்குப் போகும். அப்படி ஒரே தளத்தில் அதிரும்படி ஆன ஒளி இரண்டாவதைச் சந்திக்கும்போது மாலஸ் விதி வேலை செய்யத் தொடங்குகிறது. எத்தியேன் லூயி மாலஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1809-இல் வெளியிட்டது. பிளஸ் டூ இயற்பியலில் நாம் மனப்பாடம் செய்ததுதான். வெளிவரும் செறிவு, இரண்டு போலரைசர்களின் அச்சுகளுக்கும் (ஒளியை அவை உள்ளே விடும் திசைகளுக்கும்) இடையிலான கோணத்தின் கொசைனை வர்க்கப்படுத்திய அளவில் இருக்கும்.

சூத்திரமாகப் பார்த்தால் சாதுவாகத் தெரிகிறது. எண்களைப் போட்டுப் பார்த்தால்தான் அதன் குணம் புரியும். இரண்டு அச்சுகளும் ஒரே திசையில் இருக்கும்போது வருவதை 100 என்று வைத்துக்கொண்டால், 30 பாகையில் 75, 45-இல் 50, 60-இல் 25. இதுவரை எல்லாம் நிதானம். 75-இல் ஏறக்குறைய 6.7, 80-இல் 3, 85-இல் 0.76. அதாவது முதல் ஸ்டாப் குறைவதற்கு வளையத்தை 45 பாகை திருப்ப வேண்டும். ஏழாவது ஸ்டாப்புக்கு இரண்டே பாகை போதும். என்.டி.2 முதல் என்.டி.400 வரை என்று அச்சிட்ட ஃபில்டரில் அந்த 400 வருவது சுமார் 86 பாகையில். அங்கே கை ஒரு பாகை நழுவினால் ஏறக்குறைய முக்கால் ஸ்டாப் போய்விடும். நேற்று வைத்த இடத்தில் இன்றும் வைப்பது, பனோரமாவுக்காக அடுத்தடுத்து எடுக்கும் படங்களில் அளவு மாறாமல் காப்பது எல்லாம் கைவிரலின் தயவில்தான். தனிக் கண்ணாடியில் இந்தப் பேச்சே இல்லை. என்.டி.64 என்றால் இன்றைக்கும் ஆறு ஸ்டாப், அடுத்த வருடமும் ஆறு ஸ்டாப்.

அதே வளைகோடுதான் பேர்பெற்ற எக்ஸ் வடிவக் கறையையும் போடுகிறது. படத்தின் நடுவுக்கான கதிர் ஃபில்டரை நேராகக் கடக்கிறது. மூலைக்கான கதிர் சாய்வாக வருகிறது. ஃபுல் ஃப்ரேம் கேமராவில் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) 24 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை 84 பாகை பார்க்கும். அப்படியானால் மூலைக் கதிரின் சாய்வு 42 பாகை. சாய்ந்து வரும் கதிருக்கு இரண்டு அச்சுகளின் இடைக்கோணமே சில பாகை மாறிவிடுகிறது, ஒரு மூலைவிட்டத்தில் கூடுதலாகவும் மற்றதில் குறைவாகவும். இடைக்கோணம் 45 பாகையாக இருக்கும்போது சில பாகை மாறினால் கண்ணுக்கே தெரியாது. 86-இல் மாறினால் வானத்தின் குறுக்கே இருட்டுப் பட்டை. விலை உயர்ந்த ஃபில்டர் இதைத் தள்ளிப்போடலாமே தவிர ஒழிக்க முடியாது, ஏனென்றால் இது தயாரிப்புக் குறை அல்ல. போதாததற்கு, அந்தக் கடைக்கோடியில் நிறமும் நீலத்துக்கோ ஊதாவுக்கோ சாயும்.

இன்னொன்றையும் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. வேரியபிளின் முன்கண்ணாடியும் போலரைசர்தான். தண்ணீரில், செங்குத்திலிருந்து அளந்தால் சுமார் 53 பாகையில், பட்டுத் திரும்பும் பளபளப்பு முழுக்க ஒரே தளத்தில் அதிரும் ஒளி. நீல வானத்திலும் சூரியனுக்கு 90 பாகை தள்ளிய பகுதியில் இந்தக் குணம் அதிகம். முன்வளையம் திரும்பும்போது இருள் மட்டுமா மாறுகிறது, ஈரப் பாறையின் மினுமினுப்பும் கூடவே மாறுகிறது. இருளுக்கு ஒத்துவந்த கோணம் மினுமினுப்புக்கு ஒத்துவர வேண்டும் என்ற கட்டாயம் ஒன்றும் இல்லை. ஒரே குழாயில் வெந்நீரையும் தண்ணீரையும் விட்டுவிட்டுச் சூட்டை மட்டும் தனியாகக் கூட்டச் சொல்வதைப் போன்ற நிலைமை இது.

பிரித்து வைத்துக்கொண்டால் இரண்டும் என் கையில். நிழலில் இருக்கும் அருவிக்கு ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 11-இல் ஷட்டர் 1/30 விநாடி என்று வைத்துக்கொள்வோம். போலரைசரைப் பாறைக்கும் இலைக்கும் ஏற்றபடி திருப்பி நிறுத்துகிறேன். ஒன்றரை ஸ்டாப் போகிறது. என்.டி.8 மூன்று ஸ்டாப் எடுக்கிறது. மொத்தம் நாலரை. ஷட்டர் முக்கால் விநாடிக்கு வந்துவிடும், நீர் இழைவதற்கு அது தாராளம்.

இதிலும் தொல்லை உண்டு. அகல லென்ஸில் இரண்டு வளையங்களை அடுக்கினால் படத்தின் மூலைகள் வெட்டுப்படும். மெல்லிய விளிம்பு உள்ளதாக வாங்கியோ, பெரிய விட்டத்தில் வாங்கி, அதைச் சின்ன லென்ஸில் மாட்டும் ஸ்டெப்-அப் வளையம் போட்டோ சமாளிக்க வேண்டும். மலிவான என்.டி.1000 படத்துக்குப் பழுப்பு நிறம் ஏற்றிவிடும். ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலத் தரவாக) எடுத்தால் அதைத் திருத்திக்கொள்ளலாம். எக்ஸ் கறையைத் திருத்துவதற்கு எந்த மென்பொருளிலும் நேர்வழி கிடையாது.

வீடியோ எடுப்பவர்கள் நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பக்கம் எனக்குப் பழக்கம் குறைவு. விநாடிக்கு 25 ஃப்ரேமில் ஷட்டரை 1/50 விநாடியில் கட்டிப்போட்டுவிட்டு, மணமக்கள் மண்டபத்திலிருந்து வெயிலுக்கு வரும்போது நொடியில் ஒளியைக் குறைக்க வேண்டியவருக்குத் திருகிக் கழற்ற நேரம் ஏது? அவருக்கு வேரியபிள்தான் சரி. ஆனால் இரண்டு முதல் ஐந்து ஸ்டாப் வரை மட்டும் போய், அதற்கு மேல் திரும்பாதபடி தடுப்பு வைத்த ரகமாகப் பார்த்து வாங்கட்டும். அது 75 பாகையை ஒட்டி நின்றுவிடும். மாலஸ் விதி முரண்டு பிடிப்பது அதற்கு அப்பால்தான்.