வழக்கா, வாக்கெடுப்பா? வவோரானி நிலத்தைக் காத்த இரண்டு வழிகள்

எண்ணெய்க் கிணறு காட்டுக்குள் வரும்போது பழங்குடிகள் எந்தக் கதவைத் தட்டுவது? ஈக்வடார் அமேசானில் வவோரானி என்ற பழங்குடி மக்களின் நிலத்துக்காக இரண்டு கதவுகளும் தட்டப்பட்டன.

காலம்
வழக்கு: நிலத்தை எண்ணெய் நிறுவனங்களுக்கு ஏலம் விடும் அரசின் திட்டத்தை எதிர்த்து வவோரானி மக்கள் 2019 பிப்ரவரியில் தொடுத்தார்கள். ஏப்ரலில் தீர்ப்பு, ஜூலையில் மேல்முறையீட்டிலும் வெற்றி.
வாக்கெடுப்பு: எண்ணெய் இருக்கும் யசுனி தேசியப் பூங்காவுக்காக 2013இல் குரல் எழுந்தது. மக்கள் வாக்களித்தது 2023 ஆகஸ்ட் 20இல்தான்.

யார் பேசுகிறார்கள்
வழக்கு: அந்த மக்களே. வேட்டைத் தடம், மூலிகை, ஓடை எல்லாவற்றையும் குறித்துத் தாங்களே வரைபடம் தயாரித்தார்கள். அரசின் வரைபடத்தில் வெறும் '22ஆம் பிளாக்' (எண்ணெய் எடுக்கப் பிரித்த பகுதி) என்றிருந்த இடம் அது. என்னைக் கேட்டால், தீர்ப்பைவிட இந்த வரைபடமே பெரிய சொத்து. பாட்டிகளின் நினைவு பேரப்பிள்ளைகள் கைக்கு வந்துவிட்டதே!
வாக்கெடுப்பு: நாடே பேசுகிறது. சுமார் 59% பேர் எண்ணெயை மண்ணுக்குள்ளேயே விடச் சொன்னார்கள். ஆனால் கிணறுகள் இருக்கும் ஒரெயானா மாகாணத்தில் பெரும்பான்மையினர் எதிர்த்தார்கள். அங்கே பலருக்கு எண்ணெய்தான் வேலை, அதையும் மறந்துவிடக் கூடாது.

பலன்
வழக்கு: சுமார் 1,80,000 ஹெக்டேர் காடு ஏலத்திலிருந்து தப்பியது. முறையான கலந்தாலோசனை நடக்கவில்லை என்பதே தீர்ப்பின் அடிப்படை. அதனால் அரசு மறுபடி ஆலோசனை என்று வரக்கூடும்.
வாக்கெடுப்பு: ஓடிக்கொண்டிருந்த கிணறுகளையே மூடச் சொன்னது. ஓராண்டு கெடு தாண்டியும் ஒருசில கிணறுகளே மூடப்பட்டன.

சரி, எது யாருக்கு? ஏலம் இன்னும் முடியாத நிலமென்றால் உடனே வழக்குதான். துளையிட்டு முடித்த இடத்துக்கு வாக்கெடுப்பின் பலம் வேண்டும். யசுனியில் தாகாயேரி, தாரோமேனானே மக்கள் வெளியுலகத் தொடர்பே வேண்டாமென்று வாழ்கிறார்கள். அவர்கள் நீதிமன்றத்துக்கு வரப்போவதில்லை. அவர்களுக்காக நாடு வாக்களிக்கத்தான் வேண்டியிருந்தது.